உச்சிக்கு முன்னால்

சேலத்தில் ஜெஸிந்தாவிடம் கார் வேலை பழகியவர்களில் தணிகைவேலுக்குத்தான் வயது அதிகம். ஆசிரியையைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஆனாலும் பட்டறைக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார். "ஆணி கிடக்கும், போட்டுக்குங்கண்ணே" என்று சொல்லிச் சொல்லி ஜெஸிந்தா அலுத்துப்போனார்.

தணிகைவேலுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. வெள்ளிக் கம்பியை இழுத்து, வளைத்து, மிளகு அளவு சலங்கைகளைப் பற்றவைப்பது தொழில். மனைவி இறந்து சில வருடங்கள் கழித்து, ஏதோ வேலையாக ஈரோட்டுப் பக்கம் போனவர், ஒரு அரிசி ஆலைக் கொட்டகையில் சாக்குகளுக்கு நடுவே ஒரு பழைய மோரிஸ் மைனர் காரைப் பார்த்தார். வாங்கி வந்துவிட்டார். எதற்கு வாங்கினீர்கள் என்று யாராவது கேட்டால், "அது என்னைப் பார்த்துச்சு" என்பார்.

அந்தக் காரைக் கொண்டுவந்து ஜெஸிந்தாவின் பட்டறையில் நிறுத்தினார். பழைய கார்களுக்கு மட்டுமே அங்கே வேலை நடக்கும். "செஞ்சு குடுங்க" என்று கேட்கவில்லை. "செய்யச் சொல்லிக் குடுங்க" என்று கேட்டார். அதனால் ஜெஸிந்தா சேர்த்துக்கொண்டார்.

பிரேக் பழகினார். கிளட்ச் பழகினார். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி மாட்டப் பழகினார். டைமிங் வைப்பது மட்டும் பாக்கி. அதை ஜெஸிந்தா தன் கையால்தான் செய்வார். பக்கத்தில் நின்று பார்க்கலாம், தொடக் கூடாது.

பழைய கார்க்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஏற்காடு மலைக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதற்கு முந்தைய நாள் காலை, தணிகைவேல் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார். குளித்து, விபூதி வைத்து, புதுச் சட்டை போட்டிருந்தார்.

"டீச்சர், இன்னைக்கு டைமிங்கை நான் வைக்கிறேன்."

ஜெஸிந்தா அவருடைய சட்டையைப் பார்த்தார்.

"டைமிங்னா என்னன்னு சொல்லுங்க."

"பிஸ்டன் மேல ஏறி பெட்ரோலையும் காத்தையும் சேர்த்து நசுக்கும். அப்போ ஸ்பார்க் விழணும். நெருப்பு பத்தி, பிஸ்டனைக் கீழ தள்ளும். அந்தத் தள்ளுலதான் வண்டி ஓடுது."

"ஸ்பார்க் எப்போ விழணும்?"

"பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"ஏன் முன்னாடி?"

தணிகைவேல் இந்தக் கேள்விக்காகவே வந்தவர்போல ஒரு அடி முன்னால் வந்தார்.

"அதுதான் டீச்சர் எனக்கும் விளங்கல. ராத்திரியெல்லாம் யோசிச்சேன். பிஸ்டன் இன்னும் மேல ஏறிக்கிட்டிருக்கு. ஏறுறதை எதுக்கு அதுக்குள்ள தள்ளணும்? முழுசா வந்து சேரட்டும். வந்து நின்னப்புறம் பத்தவச்சா ஆகாதா?"

ஜெஸிந்தா மறுநாள் சக்கரங்களுக்கு அடியில் வைப்பதற்காக ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருந்தார். அந்தப் பையை எடுத்துத் தணிகைவேலின் கையில் கொடுத்தார். மோரிஸின் சாவியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் பின்னால் இருந்த வெற்று மைதானத்துக்கு நடந்தார்.

மண்ணில் காலால் ஒரு கோடு கிழித்தார். "இதுக்குப் பக்கத்துல நில்லுங்க. நான் வண்டியில வருவேன். கையை வெளியே நீட்டியிருப்பேன். கோட்டுக்கு நேரா வர்றப்போ என் கையில பழம் இருக்கணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

வண்டி வந்தது. ஜெஸிந்தாவின் கை கோட்டுக்கு நேராக வந்தபோது தணிகைவேல் பழத்தை எறிந்தார். பழம் காருக்குப் பின்னால் போய் மண்ணில் விழுந்தது.

மறுபடியும் வந்தது. இந்த முறை வேகமாக எறிந்தார். பழம் பின்சீட்டு ஜன்னலில் பட்டுத் தெறித்தது.

"கையை நல்லாப் பார்த்துத்தான் டீச்சர் போடுறேன்" என்றார், ஓடிக்கொண்டே.

"பார்த்தேன்" என்றார் ஜெஸிந்தா, நிற்காமலே.

மூன்றாவது பழமும் மண்ணுக்குப் போனது. தணிகைவேலுக்கு வியர்த்தது. சட்டைக் கையை மடித்துவிட்டார். அடுத்த முறை வண்டி தூரத்தில் இருந்த வேப்பமரத்தைத் தாண்டும்போதே, யாரும் இல்லாத வெறும் இடத்தைப் பார்த்துப் பழத்தை எறிந்தார். பழம் காற்றில் போனது. காரும் வந்தது. ஜெஸிந்தாவின் உள்ளங்கையில் பழம் சொத்தென்று உட்கார்ந்தது, கோட்டுக்கு நேராக.

தணிகைவேல் அப்படியே நின்றுவிட்டார். பிறகு கோட்டை ஒரு தரம் பார்த்தார். வேப்பமரத்தை ஒரு தரம் பார்த்தார்.

"இன்னொரு தடவை வாங்க டீச்சர். வேகமா வாங்க."

வேகமாக வந்தார். வண்டி மரத்தை எட்டும் முன்னாலேயே எறிய வேண்டியிருந்தது. ஜெஸிந்தா பிடித்தார். இன்னும் வேகமாக வந்தார். ஆசையில் தணிகைவேல் மிகவும் முந்திவிட்டார். பழம் வண்டிக்கு முன்னால் விழுந்து, டயரில் நசுங்கி, மைதானம் முழுக்க மணந்தது.

பை காலியானபோது தணிகைவேல் மூச்சு வாங்கக் கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"தீ பத்துறதுக்கும் நேரம் ஆகும். இல்லையா டீச்சர்? பொறி விழுந்து, பரவி, பலம் சேர்ந்து வர்றதுக்குள்ள பிஸ்டன் உச்சிக்கு வந்துடும். வந்தப்புறம் பத்தவச்சா அது இறங்கிப் போயிருக்கும். நாம வெறும் முதுகைத்தான் தள்ளணும்."

ஜெஸிந்தா பையை உதறி மடித்தார்.

"அப்போ எவ்வளவு முன்னாடி போடுறோமோ அவ்வளவு நல்லதா?" என்று கேட்டார் தணிகைவேல்.

"போன மாசம் மலையில ஒரு சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னீங்களே. நினைவிருக்கா?"

நினைவில்லாமல் இருக்குமா? ஏற்காட்டு ஏற்றத்தில் இன்ஜினுக்குள்ளிருந்து சல்சல்லென்று மெல்லிய சத்தம் வந்திருந்தது. காலமெல்லாம் சலங்கை பற்றவைத்தவருக்கு அது என்ன சத்தமென்று சந்தேகமே இல்லை. என் வண்டி கொலுசு கட்டிக்கொண்டு மலையேறுகிறது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

"அன்னைக்கு நான் வச்ச டைமிங் கொஞ்சம் முந்திப்போச்சு. அது நெருப்பு முந்திப் போய், ஏறி வர்ற பிஸ்டனோட எதிர்ல மோதுற சத்தம்ணே. அப்படியே ஓட்டினா பிஸ்டன்ல ஓட்டை விழும்."

தணிகைவேலின் முகம் வாடிவிட்டது. "அவ்வளவு நேரம் நான் ரசிச்சுக்கிட்டே வந்தேனே."

"வாங்க. டைமிங் வைங்க. இன்னைக்கு நான் தொட மாட்டேன்."

சோகம் பறந்துபோனது. பட்டறைக்கு ஓடினார்.

ஒரு சிறு பல்பை ஒயரில் கட்டி டிஸ்ட்ரிபியூட்டரில் மாட்டினார். ஸ்பார்க் எந்த நொடியில் விழவேண்டும் என்பதைத் தீர்மானிக்கிற உருண்டைதான் டிஸ்ட்ரிபியூட்டர். அதைக் கொஞ்சம் திருப்பினால் ஸ்பார்க் முந்தும், மறுபக்கம் திருப்பினால் பிந்தும். பல்பு எரியும் இடம்தான் ஸ்பார்க் விழும் இடம். அங்கே பிடித்துக்கொண்டு, ஸ்பேனரால் போல்ட்டை இறுக்கினார். ஜெஸிந்தா வேறொரு காருக்கு அடியில் படுத்திருந்தார்.

"வசுமதி அக்கா சிக்மகளூர் போறாங்களாமே" என்று அங்கிருந்தே கேட்டார்.

தணிகைவேலின் ஸ்பேனர் நழுவியது.

வசுமதி ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் வேலை பார்த்தார். காபியைச் சுவைத்து, இது இன்ன தரம் என்று சொல்லும் வேலை. பழைய கார்களைப் பார்க்க வந்த இடத்தில்தான் பழக்கம். சென்ற முறை மலையேறியபோதும் தணிகைவேலின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வழி சொன்னவர் அவர்தான். நாளைக்கும் அவர்தான். சிக்மகளூரில் பெரிய வேலை கிடைத்து, அடுத்த வாரம் கிளம்புகிறார்.

"ஆமா. நல்ல வேலை" என்றார் தணிகைவேல்.

"கேட்டுட்டீங்களா?"

"எதை?"

தணிகைவேல் குனிந்து ஸ்பேனரை எடுத்தார்.

"அவங்க மனசுல என்ன இருக்குன்னு முழுசாத் தெரியட்டும் டீச்சர். தெரிஞ்சப்புறம் பேசினாத்தான் மரியாதை" என்றார் தணிகைவேல்.

ஜெஸிந்தா காருக்கு அடியிலிருந்து கையை மட்டும் நீட்டினார். "அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனரைக் குடுங்கண்ணே" என்றார்.

மறுநாள் காலை அடிவாரத்தில் கார்கள் வரிசையாக நின்றன. பானெட்டுகளில் சாமந்தி மாலை. யாரோ நாதஸ்வரம் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஊரே பார்க்க வந்திருந்தது. வசுமதி மஞ்சள் புடவையில், ஒரு பிளாஸ்க் நிறையக் காபியுடன் வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். தணிகைவேல் சாவியைத் திருப்பினார். மோரிஸ் பூனைபோல உறுமத் தொடங்கியது. நின்ற இடத்தில் இன்ஜின் அவ்வளவு அழகாக ஓடியது. "நானே வச்ச டைமிங்" என்று வசுமதியிடம் சொன்னார். அடுத்து நின்ற காரில் இருந்தவரிடமும் சொன்னார்.

கொடி அசைந்தது. கார்கள் கிளம்பின.

முதல் கொண்டை ஊசி வளைவிலேயே ஏதோ சரியில்லை. மிதிக்க மிதிக்க வண்டி முனகியது, நகரவில்லை. பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்துத் தாண்டிப் போயின. மாலை போட்ட கிழட்டு ஸ்கூட்டர் ஒன்று தாண்டியது. அடுத்த வளைவில் பலாப்பழ லோடு ஏற்றிய வேன் தாண்டியது. வேனின் பின்னால் உட்கார்ந்திருந்த ஆள் தணிகைவேலைப் பார்த்துக் கும்பிட்டான்.

வசுமதி மூக்கைச் சுருக்கினார். "ஏதோ சூடாகுதுங்க."

"வறுபடுற வாசனையா?"

"இல்ல. அடுப்பு தணிஞ்சுட்டா கொட்டை வறுபடாது, வேகும். அந்த வாசனை. உங்க வண்டி வேகுது."

ரேடியேட்டரிலிருந்து ஆவி கிளம்பியது. தணிகைவேல் கைப்பிடிச் சுவர் ஓரமாக வண்டியை நிறுத்தினார். நாதஸ்வரச் சத்தம் கீழே எங்கோ கேட்டது. மற்ற கார்களின் சத்தம் மேலே எங்கோ கேட்டது. நடுவில் இவர்கள்.

கடைசியாக ஜெஸிந்தாவின் ஜீப் வந்தது. வழியில் நிற்கும் வண்டிகளைப் பார்ப்பதற்காக அவர் பின்னால் வந்துகொண்டிருந்தார். இறங்கி, பானெட்டுக்குள் குனிந்து பார்த்தார்.

"புத்தகத்துல சொன்ன இடத்துக்கும் பின்னால வச்சிருக்கீங்க."

"ஆமா டீச்சர்."

"பல்பு சரியாத்தானே எரிஞ்சுது?"

"எரிஞ்சுது. அதுக்கப்புறம் நான்தான் கொஞ்சம் பின்னால தள்ளி வச்சேன்."

"ஏன்?"

"அந்தச் சத்தம் வந்துடக் கூடாதுன்னு."

"வந்துச்சா?"

"வரல."

ஜெஸிந்தா ஆவி விடும் ரேடியேட்டரைப் பார்த்தார். தணிகைவேலும் பார்த்தார். வசுமதி பிளாஸ்க்கைத் திறந்து மூன்று பேருக்கும் காபி ஊற்றினார். இன்ஜின் ஆறும்வரை குடித்தார்கள்.

குடித்து முடித்ததும் ஜெஸிந்தா தன் ஸ்பேனரைத் தணிகைவேலிடம் கொடுத்தார்.

"எவ்வளவு திருப்பணும் டீச்சர்?"

"சத்தம் வர்ற வரைக்கும்."

"வந்துட்டா?"

"அரை நூல் அளவு பின்னால வாங்க."

தணிகைவேல் ஸ்பேனரைக் கையில் உருட்டினார். "சத்தமே வராம சரியான இடத்தைக் கண்டுபிடிக்க முடியாதா?"

"முடிஞ்சவங்களை நான் பார்த்ததில்லண்ணே."

சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஏறி, போயே போய்விட்டார்.

தணிகைவேல் ஜீப் போன வளைவையே பார்த்துக்கொண்டு நின்றார். "விட்டுட்டுப் போயிட்டாங்க" என்றார்.

"ஆமா. வாங்க, நாம பார்ப்போம்" என்ற வசுமதி, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். தணிகைவேல் போல்ட்டைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரை முன்பக்கமாகத் திருப்பினார். பயந்து பயந்து திருப்பியவர், பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் திருப்பினார். போல்ட்டை இறுக்கிவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்தார்.

வண்டி கிளம்பியது. மிதித்தார். முதுகு சீட்டில் போய் அழுந்தியது. கையெழுத்தே மாறியதுபோல இருந்தது வண்டியின் போக்கு. செங்குத்தான ஏற்றத்தில் முழுசாக மிதித்தபோது, உள்ளேயிருந்து சல்சல்லென்று கொலுசு கேட்டது.

"கேட்டுச்சு" என்றார் வசுமதி.

"கேட்டுச்சு" என்றார் தணிகைவேல். அவருக்கே ஆச்சரியம்: பயம் வரவில்லை. தேடிக்கொண்டிருந்த வீட்டின் நம்பரைப் பார்த்ததுபோல இருந்தது. நிறுத்தினார், இறங்கினார், அரை நூல் பின்னால் வந்தார், இறுக்கினார். வசுமதி ஸ்பேனரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

இப்போது மோரிஸ் ஏறியது.

அதை எப்படிச் சொல்வது? காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாததுபோல இருந்தது. நினைத்தால் போனது. கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாக வந்து திரும்பிக் கீழே இறங்கின. சில்வர் ஓக் மரங்கள் இரண்டு பக்கமும் ஓடின. பனி வந்தது, பனிக்குள் புகுந்து வெளியே வந்தார்கள். பலாப்பழ வேன் தெரிந்தது. தாண்டும்போது வசுமதி எழுந்து நிற்காத குறையாக வேன்காரனுக்குக் கும்பிடு போட்டார். ஸ்கூட்டரைத் தாண்டினார்கள். பச்சை அம்பாஸடரைத் தாண்டினார்கள். இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள், எதற்கென்று தெரியவில்லை.

"வலது" என்றார் வசுமதி. திருப்பினார்.

"நேரா, ஏத்தம். மிதிங்க." மிதித்தார்.

மலை உச்சிக்கு இன்னும் பல வளைவுகள் இருந்தன. தணிகைவேல் பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார்.

"வசுமதி, உங்க மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் கேக்குறேன். நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

"இடது" என்றார் வசுமதி.

இடது பக்கம் திருப்பினார்.

"பஸ் வருது. ஒதுங்குங்க."

ஒதுங்கினார். பஸ் போனது. அதற்குள் அவருக்கு ஒரு ஜென்மம் கழிந்துவிட்டது.

"வேலையை நான் விட மாட்டேன்" என்றார் வசுமதி.

"விடச் சொல்லலீங்க."

"அங்க மழை பிடிச்சா லேசுல விடாது."

"சரிங்க."

"குளிரும்."

"சரிங்க."

ஒரு வளைவு முழுக்க வசுமதி மடியில் இருந்த ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அந்த ஊர்லயும் பொம்பளைங்க கொலுசு போடுவாங்கல்ல?"

தணிகைவேலுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. புரிந்தபோது வண்டி தவறான கியரில் இருந்தது. அப்படியும் அது ஏறியது.

ஏரிக்கரையில் மற்ற கார்களெல்லாம் வந்து நின்றிருந்தன. வழியில் நிற்காமல் ஏறியவர்களுக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள். தணிகைவேல் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜீப்பில் சாய்ந்து கொய்யாக்காய் தின்றுகொண்டிருந்த ஜெஸிந்தாவிடம் நேராகப் போனார். சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பின்னாலேயே வந்த வசுமதியின் முகத்தைப் பார்த்து ஜெஸிந்தாவே புரிந்துகொண்டு, கையை ஒரு கந்தையில் துடைத்துவிட்டு, வசுமதியின் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்போ?" என்று கேட்டார்.

"நாலாவது கியர்ல" என்றார் வசுமதி.

தணிகைவேல் அதற்குள் மோரிஸின் பானெட்டைத் திறந்துவிட்டார். டிஸ்ட்ரிபியூட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. வசுமதியிடமிருந்து ஸ்பேனரை வாங்கி போல்ட்டில் மாட்டினார்.

"டீச்சர், இப்போ சரியான இடத்துல உக்காந்திருக்கு. அரை நூல் அங்க இங்க இல்ல. இனிமே இதை யாரும் தொட வேண்டாம். இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு இறுக்கிடுறேன்."

ஜெஸிந்தா வந்து அவர் கைமேல் கை வைத்தார்.

"கழட்டுற மாதிரி இறுக்குங்கண்ணே. சிக்மகளூர் மலை வேற மலை."